அக்காவின் வீடும் அடிக்கல் நாட்டிய ஐயாவும்

அக்காவின் முப்பத்தோராம் நாளுக்கு வந்து, சாப்பிட்டு, இந்த நினைவு மலரையும் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களே, நண்பர்களே, உங்களுக்கு என் வணக்கம். இப்படியான மலர்களில் "சாந்தமே உருவானவர், ஒருவரையும் கடிந்து பேசாதவர்" என்று எழுதுவது வழக்கம். அக்கா கடிந்து பேசியவர். அதுவும் நாலு வீட்டுக்குக் கேட்கப் பேசியவர். அவரிடம் வாங்கிக் கட்டியவர்கள் பாதிப் பேர் இந்தப் பந்தலுக்குள் இருக்கும்போது நான் பொய் எழுதி என்ன பயன்? நான் அவருடைய ஒரே தங்கச்சி. வாய் எனக்கும் அப்படித்தான்.

அக்கா சல்லி என்ற கடற்கரைக் கிராமத்தில் எங்கள் பெற்றோருக்கு மூத்த பிள்ளையாகப் பிறந்தார். அப்பாவுக்குக் கடற்றொழில். ஆழிப்பேரலை அப்பாவையும் வீட்டையும் ஒரே காலையில் கொண்டுபோய்விட்டது. கடலுக்குக் கிட்ட இனி ஒருவரும் வீடு கட்டக் கூடாது, ஆபத்து என்று அதிகாரிகள் வந்து எல்லை காட்டினார்கள். நாங்களும் நல்ல பிள்ளைகளாக விலகினோம். சில வருடங்களில் அதே மணலில் வரிசையாக விடுதிகள் எழும்பின. அங்கே வந்து படுக்கிறவர்களைக் கடல் தொடாது போலும்.

அந்த விடுதிகளில் ஒன்றில்தான் அக்கா வேலைக்குச் சேர்ந்தார். அறை கூட்டுவது, விரிப்புத் தோய்ப்பது, மெத்தை தட்டுவது. ஊரார் படுக்கையை எல்லாம் சுருக்கமில்லாமல் விரித்துவிட்டு, அம்மாவையும் என்னையும் கூட்டிக்கொண்டு உப்புவெளியிலும் பட்டணத்திலும் வாடகை வீடு தேடித் திரிந்தார். ஒரு வீட்டில் காலூன்றினோம் என்று நினைக்கும்போது சொந்தக்காரர் வந்து தலையைச் சொறிவார். "பிள்ளை, குறை நினைக்காதையுங்கோ. வெளிநாட்டுக்காரர் வரப்போகினம், அறையளைத் திருத்தவேணும்." உடனே நாங்கள் சட்டி பானையைக் கட்டவேண்டும். கலியாணம் கேட்டு வந்தவர்கள் முதலில் கேட்டதும் "சொந்த வீடு இருக்கோ?" என்பதுதான். அக்கா அவர்களுக்குத் தேத்தண்ணீர் கொடுத்து அனுப்பிவிடுவார். பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

அம்மா ஆஸ்பத்திரியில் இறந்த அன்று அக்கா வீட்டுச் சொந்தக்காரரிடம் ஓடிப்போய், பிரேதத்தை ஒரு பொழுது மட்டும் முன் ஹோலில் வைக்க விடும்படி கேட்டார். அந்த மனிதர் நின்ற நிலையிலேயே கையை விரித்தார்.

"செத்தவீடு வைச்சால் பிறகு ஒருத்தரும் வாடகைக்கு வரமாட்டினம், பிள்ளை. இஞ்சை கொண்டுவர ஏலாது."

எங்கள் பக்கத்தில் இது புதினமல்ல. வாடகைக்கு இருக்கிறவர்கள் உயிரோடு இருக்க மட்டும்தான் அனுமதி. பிரேதம் வைக்கக் காசுக்கு இடம் தரும் மலர்ச்சாலையில் அம்மாவை வைத்தோம். அடுத்த பெட்டிக்கு இடம் வேண்டும் என்று அவசரப்படுத்தினார்கள். சொந்த முற்றத்தில் நடக்கவேண்டிய கிரியைகளை ஐயர் கார் நிறுத்தும் இடத்தில் ஓடி ஓடிச் செய்தார். திரும்பி வரும்போது பஸ்ஸில் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"எனக்கு இப்பிடி வரக்கூடாது. நான் என்ரை வீட்டிலை இருந்துதான் போகவேணும். கேட்டியே?"

அதற்குப் பிறகு அக்கா ஓடிய ஓட்டம் முழுவதும் இதற்காகத்தான். "உந்த அரசியல் பொம்பிளையளுக்கு எதுக்கு?" என்று கேட்ட சொந்தங்களுக்காகவே இதை விளக்கமாக எழுதுகிறேன்.

அந்த நேரம் பார்த்து ஐயா வந்து சேர்ந்தார். பெயர் வேண்டாம், மலரின் காகிதம் பாவம். மாகாண சபைத் தேர்தலில் நின்றார். மற்றவர்கள் எல்லாம் மேடையில் உரிமை, சரித்திரம், தியாகம் என்று முழங்கும்போது இந்த மனிதன் குசினி, யன்னல், மலசலகூடம் என்று பேசினார். ஏழையின் கைக்கு எட்டுகிற வீடு என்றார். அக்கா விழுந்தது அதில்தான். விடுதி வேலை முடிந்து வந்து அவருடைய ஆட்களுக்குச் சோறு சமைத்தார். சுவரொட்டிக்குப் பசை காய்ச்சினார். வீடு வீடாகப் போய், "இவர் ஒருத்தர்தான் வீட்டைப் பற்றிக் கதைக்கிறார்" என்று வாக்குக் கேட்டார். நானும் பின்னால் போனேன். வெய்யிலில் கறுத்ததுதான் மிச்சம்.

ஐயா வென்றார். உப்புவெளிக்கு வடக்கே அரசாங்கத்து மணற்காணியில் எங்களைப் போன்றவர்களுக்கு வரிசையாகத் துண்டுகள் காட்டினார்கள். அக்காவின் துண்டு வீதியோரம் என்பதால் படம் பிடிக்க வசதி. எனவே அடிக்கல் அங்கே. தேங்காய் உடைத்து, சால்வை போட்டு, தன் பெயர் பொறித்த சலவைக்கல் ஒன்றையும் நட்டுவிட்டுப் போனார். அத்திவாரம் எழும்பியது. அத்தோடு சரி. கேட்கப் போனால் ஐயா கூட்டத்தில், ஐயா கொழும்பில், ஐயா குளிக்கிறார். எப்போது போனாலும் குளிக்கிற ஒரு மனிதன்! உடம்பாவது சுத்தமாக இருந்திருக்கும். அத்திவாரங்களுக்குள் எருக்கலை முளைத்தது.

மாகாண சபையும் முடிந்தது, ஐயாவின் பதவியும் போனது. அடுத்ததாகப் பாராளுமன்றத் தேர்தலுக்கு வேறு கட்சி, வேறு சின்னம், அதே பல்லிளிப்போடு வந்தார். அதே இடத்தில் இன்னொரு கல்லோடும் வந்தார். அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "முன்னம் வைச்ச கல்லு என்னாச்சு?" என்று கேட்டார்.

"அது அந்தக் கட்சியின்ரை கல்லு, பிள்ளை. இதுதான் என்ரை கல்லு."

வெட்கம் இல்லை, பாருங்கள். இந்த முறை அக்கா பசை காய்ச்சவில்லை. ஐயா தோற்றுப்போன பிறகு அந்த இரண்டாம் கல்லைப் பெயர்த்தெடுத்து, எழுத்துப் பக்கம் கீழே கிடக்கும்படி எங்கள் வாடகை வீட்டுக் கிணற்றடியில் போட்டார். அதில் உடுப்புத் தோய்த்தார். "நல்ல வழுவழுப்பான கல்லு. அந்தாள் தந்ததிலை பிரயோசனமானது உது ஒண்டுதான்" என்பார்.

அக்காவைப் பார்த்துச் சிரித்த சொந்தங்கள் யாருக்கு வாக்குப் போட்டீர்கள் என்பது எனக்குத் தெரியும். உங்கள் மகள் பெரியபிள்ளையான சாமத்திய வீட்டுக்கு வந்து போட்டோவுக்கு நின்றவருக்குப் போட்டீர்கள். மாடி வீட்டில் இருந்துகொண்டு அக்காவுக்கு அரசியல் தெரியாது என்றீர்கள். அந்த மாடியில் ஓர் அறை பூட்டியே கிடந்தது. அம்மா போன அன்றும் பூட்டியே கிடந்தது.

பிறகு பிரதேச சபைத் தேர்தல் வந்தது. மீனவர் சங்கத்தில் வேலை செய்த ஒரு பெண் போட்டியிட்டார். அவர் எங்கள் படலைக்கு வந்தபோது அக்கா சூடுபட்ட ஆளாயிற்றே, வாசலில் நிற்கவைத்தே கேட்டார்: "நீங்களும் வீடு தருவியளோ?"

"இல்லை அக்கா. வீடு தாறனெண்டு சொல்ல என்னாலை ஏலாது. காணிக்கு அனுமதிப்பத்திரம் இல்லாமல் நீங்கள் கட்டினாலும் இடிச்சுப்போடுவினம். அதை எடுக்கிறதுக்கு உங்களோடை வந்து கந்தோரிலை நிப்பன். அவ்வளவுதான்."

அக்கா கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்து போட்டார். "இவ்வளவு பேர் வந்தவை, இவ ஒருத்திதான் ஏலாது எண்டு சொன்னவ" என்று எங்களைப் போல் துண்டு வாங்கிய வரிசைக்காரர் எல்லோரிடமும் சொல்லித் திரிந்தார். மறுபடி பசை, மறுபடி வெய்யில். அந்தப் பெண் மயிரிழையில் வென்றார். வென்ற பிறகும் கந்தோருக்கு வந்தார். "நாளைக்கு வாங்கோ" என்ற அதிகாரியின் மேசைக்கு முன்னால் அக்காவும் அவரும் மறுநாளும் போய் நின்றார்கள். அதற்கு அடுத்த நாளும் நின்றார்கள். அனுமதிப்பத்திரம் வந்தது. வரிசை முழுவதற்கும் வந்தது.

அதன் பிறகுதான் அக்கா அத்திவாரத்து எருக்கலையைப் பிடுங்கினார். கூட வேலை செய்த பெண்களும் வரிசையில் இருந்தவர்களும் கை கொடுக்க, ஓர் அறையும் குசினியும் சுவராகி, மேலே தகரமும் ஏறியது. கதவு போடவில்லை. நல்ல நாள் பார்த்து, பால் காய்ச்சிக் குடிபுகுவதாக இருந்தார். அதற்கு முன் சிறுநீரக வருத்தம் அவரை ஆஸ்பத்திரியில் படுக்கவைத்துவிட்டது. கட்டிலில் கிடந்தபடி, "சுவருக்குத் தண்ணி ஊத்தினியே?" என்று என்னைக் கேட்பார். கடைசியாகத் தெளிவாகக் கேட்டதும் அதுதான்.

அக்கா கண்மூடியதும் சொந்தங்கள் கூடினார்கள். எங்கள் பெரியப்பாவின் மகன், பெரியண்ணன், எல்லோருக்குமாகப் பேசினார்.

"பால் காய்ச்சாத வீட்டிலை முதல் விசேஷமாச் செத்தவீடோ? என்ன கதை இது? ஊர் சிரிக்கும். மலர்ச்சாலையிலை வைப்பம்."

"அம்மாவை வைச்ச மாதிரியோ, அண்ணை?" என்று கேட்டேன்.

பெரியண்ணன் கைத்தொலைபேசியைப் பார்த்தார்.

"பால்தானே பிரச்சினை? காய்ச்சுறன்" என்று சொல்லிவிட்டு வந்தேன். செத்தவீட்டுத் துடக்குக்காரி பால் காய்ச்சலாமா என்று பின்னால் ஒரு குரல் கேட்டது. நான் திரும்பவில்லை. விடிந்ததும் அந்தப் பிரதேச சபைப் பெண் பானை கொண்டுவந்தார், வரிசைக்காரர் விறகு கொண்டுவந்தார்கள். கதவில்லாத அந்த வீட்டுக்குள் மூன்று கல்லை வைத்து அடுப்பு மூட்டினேன். பால் பொங்கி வழிந்தபோது என்னால் அடக்க முடியவில்லை, கதறிவிட்டேன். குடிபுகும் வீட்டில் அழக் கூடாதாம். போகட்டும்.

அக்காவைக் கொண்டுவந்த வாகனம் வீதியில் நிற்கும்போது ஐயாவும் வந்து இறங்கினார். கையில் மலர்வளையம், பின்னால் படம் பிடிப்பவர். நேரே வாசலில் போய் நின்று, "இது எங்கடை திட்டத்திலை வந்த வீடு" என்று ஆரம்பித்தார்.

"ஐயா, வாசலை விடுங்கோ. அக்காவை உள்ளுக்குக் கொண்டுவரவேணும்" என்றேன்.

விலகினார். எங்கள் குடும்பத்துக்கு அவர் செய்த ஒரே உபகாரம் அது, எனவே அதற்கும் இங்கே நன்றி சொல்லிவிடுகிறேன்.

அக்கா தன் வீட்டு அறையில், தெற்கே தலை வைத்து, அன்று பகல் முழுவதும் கிடந்தார். ஒருவரும் அவசரப்படுத்தவில்லை. கிரியைகள் முற்றத்தில் ஆறுதலாக நடந்தன. பின்னேரம் தன் வாசலால் போனார்.

பானை தந்தவருக்கும், விறகு தந்தவர்களுக்கும், விடுதியில் கூட வேலை செய்த பெண்களுக்கும், பொறுமையாகக் கிரியை செய்த ஐயருக்கும், முணுமுணுத்தாலும் கடைசியில் தோள் கொடுத்த பெரியண்ணனுக்கும் என் நன்றி. இந்த மலரை வாசிக்கிறவர்களில் வாடகை வீட்டில் இருப்பவர்களும் உண்டு. உங்கள் வீட்டில் அப்படி ஒரு நாள் வந்து, சொந்தக்காரர் கையை விரித்தால், மலர்ச்சாலைக்குப் போகாதீர்கள். அக்காவின் வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். நான் அங்கேதான் இருக்கிறேன். ஏலாது என்று சொல்லமாட்டேன்.

தங்கச்சி