சுனைனாவிடம் சொல்ல வேண்டியது

அனுசுயாவுக்கு இந்தி வரும் என்பது பிரசவ வார்டில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அது வெறும் பனியன் கம்பெனி இந்தி என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

பிளஸ் டூ முடித்த கையோடு நர்சிங் சீட்டு கிடைக்கவில்லை. ஒரு வருஷம் அம்மா ஒச்சம்மாளோடு செக்கிங் டேபிளில் நின்றாள். எதிரில் பீகார்ப் பெண்கள். ஓட்டை, கறை, நூல், சீக்கிரம், இன்னொரு பீஸ் கொடு, கரண்ட் போச்சு, மெஷின் நின்னு போச்சு. கிட்டத்தட்ட இவ்வளவுதான் அந்த மேஜை அவளுக்குக் கற்றுக்கொடுத்த பாஷை. அடுத்த வருஷம் சீட்டு கிடைத்தபோது அப்பா காசிமாயனுக்குப் பிடிக்கவில்லை. தேனிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து, துணியை ஆவியில் அழுத்தும் காம்பாக்டிங் மெஷினில் துணியோடு துணியாக வெந்தவர் அவர். "ஊரான் ரத்தத்தையும் பீயையும் அள்ளணும்னு உனக்கு என்னாத்தா தலையெழுத்து?" என்றார். ஆனாலும் சேர்த்துவிட்டார். நாலு வருஷமாக அவள் படிப்பைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை.

கடைசி வருஷத்துப் பயிற்சிக்கு அனுசுயா பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்து மூன்றாவது வாரம். ஸ்கேன் அறை வாசலிலிருந்து ஸ்டாஃப் நர்ஸ் சண்முகப்பிரியா கைகாட்டிக் கூப்பிட்டாள்.

"அனு, இங்க வா கண்ணு. இந்தப் புள்ளைக்குத் தமிழ் ஒரு சொட்டு வரல. புருசன் வேலைக்குப் போயிட்டானாம். டாக்டர் சொல்றதை நீ சொல்லோணும்."

உள்ளே மேஜையில் படுத்திருந்தவள் பெயர் சுனைனா. இருபது வயதுகூட இருக்காது போலிருந்தது. ஒன்பதாம் மாதம். இரண்டு நாளாகக் குழந்தை அசையவில்லை என்று பக்கத்து அறைப் பெண் ஒருத்தி கொண்டுவந்து விட்டுவிட்டு ஷிஃப்டுக்கு ஓடியிருந்தாள். டாக்டரம்மா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஜெல்லைத் துடைத்துவிட்டு, அனுசுயாவின் பக்கம் திரும்பித் தணிந்த குரலில் சொன்னார்.

"துடிப்பு இல்லைம்மா. உள்ளேயே இறந்துடுச்சு. வலி வர வச்சு எடுக்கணும். மெதுவா சொல்லு."

அனுசுயா மேஜைக்கு அருகில் போனாள். சுனைனா அவள் முகத்தையே பார்த்தாள். தன் பாஷை பேசுகிற ஒருத்தி கிடைத்துவிட்டாள் என்ற நிம்மதி அந்தக் கண்ணில் தெரிந்தது. அதைப் பார்க்கத்தான் அனுசுயாவால் முடியவில்லை. இறப்பு என்பதற்கு இந்தியில் ஒரு சொல் அவளுக்குத் தெரியாமலில்லை. செத்துப்போன எலியைக் கண்டு டேபிளில் பெண்கள் கத்திய சொல் அது. அதை ஒரு குழந்தைக்குச் சொல்ல வாய் வரவில்லை. தேடித் தேடி, கையால் நெஞ்சைத் தொட்டுக் காட்டி, "பச்சா கா தில்… பந்த் ஹோ கயா" என்றாள். குழந்தையின் இதயம் நின்றுவிட்டது.

பந்த். கரண்ட் போனால் கம்பெனியில் எல்லோரும் சொல்லும் சொல். மெஷின் பந்த்.

சுனைனா சற்று யோசித்தாள். பிறகு, பணிவாக, "சாலூ கப் ஹோகா, தீதி?" என்று கேட்டாள்.

மறுபடி எப்போது ஓடும், அக்கா?

டாக்டரம்மாவுக்கும் சண்முகப்பிரியாவுக்கும் அந்தக் கேள்வி புரியவில்லை. அந்த அறையில் அது புரிந்தவள் அனுசுயா ஒருத்திதான். அவள் மேஜையின் ஓரத்தில் உட்கார்ந்தாள். சுனைனாவின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, "நஹி ஹோகா" என்றாள். ஓடாது. இன்னொரு முறையும் சொன்னாள். மூன்றாவது முறை சொல்ல வேண்டியிருக்கவில்லை. சுனைனா கையை உருவிக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தாள். அழக்கூட இல்லை.

வெளியே வந்ததும் அனுசுயாவுக்குத்தான் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "நான் தப்பாச் சொல்லிட்டேன் சிஸ்டர். ஏதோ மெஷின் ரிப்பேர் மாதிரி சொல்லிட்டேன்."

"எந்த வார்த்தையில சொன்னாலும் அது அதுதான் கண்ணு" என்றாள் சண்முகப்பிரியா. பிறகு, "அழுது முடிச்சிட்டு உள்ள போ. அவளுக்கு ட்ரிப் போடோணும்" என்று ஊசித் தட்டை அவள் கையில் கொடுத்தாள்.

புருஷன் ராம்பிரவேஷ் சாயங்காலம் வந்தான். உடம்பெல்லாம் பஞ்சுத் தூசி. அனுசுயா அவனிடமும் சொன்னாள். அவன் தலையைத் தலையை ஆட்டினான். வாசலிலேயே குந்திக்கொண்டான். மருந்து கொடுத்து வலி வர மறுநாள் ஆகிவிட்டது. அனுசுயா அன்று வேறு வார்டுக்குப் போக வேண்டியவள். அனுமதி கேட்டு வாங்கிக்கொண்டு சுனைனாவின் தலைமாட்டிலேயே நின்றாள். பேச ஒன்றும் தெரியவில்லை. முதுகை நீவிவிட்டாள். வாயைத் துடைத்தாள். "தோடா… தோடா அவுர்" என்பது மட்டும் வந்தது. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்.

மத்தியானம் பிறந்தது. பெண் குழந்தை. அழாது என்று அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும். இருந்தும் ஒரு கணம் எல்லோரும் அசையாமல் காத்திருந்தார்கள்.

வார்டு ஆயா ராமாத்தாள் குழந்தையைத் துணியில் சுருட்டக் கையை நீட்டினாள். "குடுங் கண்ணு. அப்பங்காரன் கையில குடுத்தரலாம். அவகிட்டக் காட்டிப்போடாதீங்க. பாத்தா தாங்க மாட்டா. இங்க எப்பவும் காட்டற பளக்கம் இல்லீங்க."

அனுசுயா கொடுக்கவில்லை. "அவங்ககிட்டக் கேக்கலாமா சிஸ்டர்?" என்றாள்.

சண்முகப்பிரியா தையல் போட்டுக்கொண்டிருந்த டாக்டரம்மாவைப் பார்த்தாள். அவர் நிமிராமலே, "கேளுங்க. வேணும்னா காட்டுங்க" என்றார்.

கேட்பதற்கு அனுசுயாவிடம் சொல் இருந்தது. துணியில் குற்றம் கண்டால் எதிரில் நிற்பவளிடம் நாளெல்லாம் கேட்கிற கேள்வி. "தேக்கோகி?" பார்க்கிறாயா? சுனைனா கண்ணை மூடியபடியே இரண்டு கையையும் நீட்டினாள்.

அனுசுயா வெந்நீரில் பஞ்சை நனைத்துக் குழந்தையின் முகத்தைத் துடைத்தாள். காது மடிப்புகளைத் துடைத்தாள். தலைமுடி அடர்ந்து கறுப்பாக இருந்தது. உயிரோடிருக்கும் குழந்தையைப் பிடிக்கச் சொல்லிக்கொடுத்ததுபோலவே கழுத்துக்கடியில் கைகொடுத்து, வெள்ளைத் துணியில் சுற்றித் தாயின் மார்பில் வைத்தாள். சுனைனா வெகுநேரம் பார்த்தாள். விரலால் மூக்கைத் தடவினாள். "நாக் இன்கா ஹை" என்றாள். மூக்கு அவரோடது. அப்புறந்தான் அழுதாள். அடிவயிற்றிலிருந்து வந்த அந்த அழுகையைக் கேட்டு ராமாத்தாளே முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ராம்பிரவேஷுக்குக் குழந்தையை அடக்கம் செய்ய எங்கே கொண்டுபோவது என்று தெரியவில்லை. இந்த ஊரில் அவனுக்குத் தெரிந்ததெல்லாம் கம்பெனி, ரூம், மளிகைக் கடை. அனுசுயா வராந்தாவில் நின்று யோசித்தாள். வேறு வழி தோன்றாமல் அப்பாவுக்குப் போன் போட்டாள். விஷயத்தைச் சொன்னதும் மறுமுனையில் மெஷின் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

"அய்யா, இருக்கீகளா?"

"வாரேன்" என்றார் காசிமாயன்.

பாதி ஷிஃப்டில் மொபெட்டில் வந்து இறங்கினார். ராம்பிரவேஷின் தோளைத் தட்டி வண்டியில் ஏற்றிக்கொண்டார். பின்னால் உட்கார்ந்தவன் மடியில் அந்த வெள்ளைப் பொதி. வண்டி கேட்டைத் தாண்டி மெயின் ரோட்டில் ஏறும்வரை அனுசுயா பார்த்துக்கொண்டு நின்றாள்.

அன்று வீட்டுக்குப் போனபோது காசிமாயன் குளித்துவிட்டு ஈரத்தலையோடு உட்கார்ந்திருந்தார். ஒச்சம்மாள் சோறு போட்டு வைத்திருந்தாள். அவர் தொடவில்லை.

ஒச்சம்மாள் மகளைப் பார்த்து, "பெத்தவ புள்ளயப் பாத்தாளா?" என்றாள்.

"பாத்தாம்மா. கையில வாங்கிப் பாத்தா."

"நல்லது." ஒச்சம்மாள் தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்தாள். "எனக்குக் காட்டலையே. உனக்கு முன்னாடி ஒண்ணு செத்தே பெறந்துச்சு. நான் மயக்கத்துல கெடந்தேன். முழிச்சுக் கேட்டா, கொண்டுபோயாச்சுன்னாக. என்ன புள்ளன்னுகூட யாரும் சொல்லல. நானும் கேக்கப் பயந்துகிட்டு இருந்துட்டேன்."

தனக்கு முன்னால் ஒரு குழந்தை இருந்தது என்பதே அனுசுயாவுக்கு அன்றுதான் தெரியும். அவள் அப்பாவைப் பார்த்தாள். காசிமாயன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆம்பளப் புள்ள" என்றார் கடைசியில். "நெத்தி ஒன்னோட நெத்தி. நாந்தான் தூக்கிட்டுப் போனேன். சொன்னா நீ உசுர விட்டுருவேன்னு எங்க ஆத்தா சொல்லுச்சு. அப்புறம் சொல்ல வாய் வரல, ஒச்சு."

ஒச்சம்மாள் எழுந்து போய்க் குழாயடியில் பாத்திரம் தேய்க்க உட்கார்ந்தாள். தேய்த்த பாத்திரத்தையே திரும்பத் திரும்பத் தேய்த்தாள். அனுசுயா பக்கத்தில் போய் உட்கார்ந்து, தேய்த்ததையெல்லாம் வாங்கி அலசி வைத்தாள்.

சுனைனா இன்னும் சில நாள் வார்டில் இருந்தாள். சுற்றிலும் பச்சைக் குழந்தைகளின் அழுகை. ஒரு குழந்தை அழும்போதெல்லாம் அவளுக்குப் பால் கட்டி மார்பு வலித்தது. அனுசுயா சண்முகப்பிரியாவிடம் மன்றாடி அவளைப் பக்கத்து வார்டுக்கு மாற்ற வைத்தாள். மார்பில் குளிர்ந்த துணியை வைத்து, பால் வற்றும்வரை இறுக்கமான உள்ளாடை போட்டுக்கொள்ளச் சொன்னாள். வீட்டுக்குப் போகிற அன்று சுனைனா அவள் கையைப் பிடித்து ஏதோ நீளமாகப் பேசினாள். பாதிக்கு மேல் அனுசுயாவுக்குப் புரியவில்லை. புரிந்ததுபோல் தலையாட்ட அவளுக்கு மனமில்லை. "புரியல" என்று தமிழிலேயே சொன்னாள். சுனைனா லேசாகச் சிரித்துவிட்டு, ராம்பிரவேஷின் பின்னால் நடந்தாள். இருவரும் ஊருக்கே திரும்பிவிட்டதாகப் பிறகு கேள்விப்பட்டாள்.

அந்த மாதம் முழுக்க ஞாயிற்றுக்கிழமைகளில் அனுசுயா அடுத்த தெருவிலிருந்த பீகார்ப் பெண்களின் அறைக்குப் போனாள். வலி, பயம், மூச்சு, பொறுத்துக்கொள், நான் பக்கத்தில் இருக்கிறேன் என்பதற்கெல்லாம் சொல் கேட்டாள். அவர்கள் முதலில் சிரித்தார்கள். எதற்கென்று தெரிந்ததும் தங்கள் ஊர்ப் பெண்கள் பிரசவத்தில் பேசுகிற பேச்சையும் சேர்த்தே சொல்லிக்கொடுத்தார்கள்.

படிப்பை முடித்தபோது வெளிநாட்டுக்குப் போகலாம், கோயமுத்தூரில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று கூடப் படித்தவர்கள் கிளம்பினார்கள். அனுசுயா மங்கலம் ரோட்டில் ஒரு சின்னப் பிரசவ ஆஸ்பத்திரியில் சேர்ந்தாள். அங்கே வருகிறவர்களில் பாதிப்பேர் வடக்கத்திப் பெண்கள்.

காசிமாயன் இப்போதும் அவள் வேலையைப் பற்றி விசாரிப்பதில்லை. ஆனால் டியூட்டி முடிகிற நேரத்துக்கு மொபெட்டில் வந்து ரோட்டோரம் நிற்கிறார். அவள் வேலைக்குச் சேர்ந்த வருஷம் தைப் பொங்கலுக்கு அவரும் ஒச்சம்மாளும் மட்டும் ஊருக்குப் போனார்கள். கண்மாய்க் கரையில் அந்தப் பிள்ளையைப் புதைத்த இடத்தைக் காட்டச் சொல்லி, ஒச்சம்மாள் அங்கே கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தாளாம். அனுசுயாவுக்கு அன்று லீவு கிடைக்கவில்லை. வார்டில் மூன்று பிரசவம் காத்திருந்தது.