ஓடைக்கரையில் வெட்டிய செடிகள்

புடோங்கோ காட்டில் சிம்பன்சிகளைக் கண்காணிப்பவர்களுக்குப் பாதை வெட்டிக் கொடுப்பது கசங்காகியின் வேலை. ஓடைக்கரையில் மண்டியிருந்த சொரசொரப்பு இலைச் செடிகள் காலைக் கீறுவதாக எல்லோரும் புலம்பியதால், மழைக்கு முன்பே அவற்றை அடியோடு வெட்டி எறிந்தார்.

"கல்யாண ஊர்வலமே போகலாம் போலிருக்கே, அண்ணே!" என்றாள் அவர்களில் ஒருத்தியான கபாசிண்டி. அவருக்குப் பெருமை தாங்கவில்லை.

அடைமழை வந்தது. ஈர மண்ணில் புழுக்கள் பெருகின. சிம்பன்சிகளின் வயிற்றுக்குள்ளும் போயின. ஒரு காலையில், அவர்கள் கிழவி என்று கூப்பிடும் பெண் சிம்பன்சி தள்ளாடி வந்து, வெட்டுப்பட்ட கட்டைகளைத் தடவித் தடவிப் பார்த்தது.

"என்னத்தத் தேடுது?" என்று கபாசிண்டியிடம் கேட்டார் கசங்காகி.

"அந்த இலையத்தான். மடிச்சு மெல்லாம முழுங்கும். வயித்துப் புழுவெல்லாம் அதோட வெளிய வந்துரும்."

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமேம்மா!"

"எனக்கும் தோணலையே, அண்ணே. அடுத்த மழைக்குத் தழைச்சுரும்."

"இந்த மழைக்கு?"

கபாசிண்டி மேட்டுக்கு அப்பால் கை காட்டினாள். அங்கேதான் அந்தச் செடி இன்னும் இருந்தது. கிழவியோ இரண்டடி நடந்து, அவர் பெருக்கியதுபோல் வைத்திருந்த பாதையிலேயே படுத்துவிட்டது.