வலையோரத்து மிஸ்ஸி

முந்தானையை இழுத்து இடுப்பில் செருகுகிறார். கொசுவத்தைக் கணுக்காலுக்கு மேலே தூக்கி ஊக்கு குத்துகிறார். தாலியை ரவிக்கைக்குள் விட்டுக்கொள்கிறார். வலது கை வளையல்களைக் கழற்றிக் கைக்குட்டையில் முடிந்து பெஞ்சின்மேல் வைக்கிறார். இவ்வளவும் ஆன பிறகுதான் சீதாலெட்சுமி மட்டையைக் கையில் எடுப்பார். எதிராளிகள் காத்திருப்பார்கள். அவருக்கு அவசரமே கிடையாது. பிறகு வெள்ளைக் கேன்வாஸ் சப்பாத்து செம்மண்ணில் சரசரக்க நடந்துபோய், கோழி பிடிக்கப் போகிறவர் மாதிரி முழங்காலை மடித்து வலைக்குப் பக்கத்தில் நின்றுகொள்வார்.

கோலாலம்பூரில், பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்புக்குப் பின்னால் உள்ள நம்மவர் சங்கத்தில் ஒவ்வொரு வருஷமும் டென்னிஸ் போட்டி நடக்கிறது. அதில் ஆணும் பெண்ணும் ஜோடியாக ஆடும் இரட்டையர் கோப்பையை இவரைப்போல் அடிக்கடி வாங்கியவர் யாருமில்லை. தனி ஆட்டம் மட்டும் ஆடவே மாட்டார். ஏன் என்று கேட்டால், "தனியா நின்னு யாருகிட்ட பேசுறது?" என்பார்.

ஆட்டத்தில் உண்மையாகவே பேசிக்கொண்டுதான் இருப்பார். பந்து வரும்போதெல்லாம் "எனக்கு", "உங்களுக்கு", "விடுங்க, விடுங்க, வெளிய போகுது" என்று மெல்லிய குரலில் சொல்லிக்கொண்டே இருப்பார். பலமாக அடிக்கத் தெரியாது. எதிரே நிற்கும் இருவருக்கும் நடுவில் பந்தைக் கொண்டுபோய் வைப்பார். "ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாப்பாங்க லா. அந்த நேரம் போதும்" என்பது அவர் விளக்கம். எதிர்த்து ஆடிய புருஷன் பெண்சாதிகள் வீடு போகும்வரை சண்டை போட்டுக்கொண்டு போனதை நானே பார்த்திருக்கிறேன்.

பிழைப்புக்கு அரசாங்கப் பிரசவத் தாதி. இந்த வட்டாரத்தில் தாதிகளை மிஸ்ஸி என்பார்கள். சாலாக் செலாத்தான் வரைக்கும் அவர் ரிக்‌ஷாவில் போய்வருவார். மடியில் தோல் பை இருக்கும். காலுக்கடியில் சில நாள் மட்டையும் கிடக்கும். வலியில் துடிக்கிற பெண்கள்கூட, "மிஸ்ஸி, நேத்து ஜெயிச்சீங்களா?" என்று விசாரிப்பார்கள். "நீ மொதல்ல புள்ளயப் பெறு, அப்புறம் சொல்றேன்" என்பார். பிரசவம் முடிந்து குழந்தையைக் குளிப்பாட்டும்போது, சொன்னபடியே ஆட்டக் கதையை ஆரம்பத்திலிருந்து சொல்லத் தொடங்கிவிடுவார். கேட்டவள் பாதியில் தூங்கிப்போனாலும் நிறுத்தமாட்டார்.

பிறந்தது காப்பாருக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில். அப்பா தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்துக் கட்டுப்போடும் டிரெஸ்ஸர். கிள்ளானில் ஆங்கிலப் பள்ளிக்கூடத்தில் படித்து, கோலாலம்பூர் பெரிய ஆஸ்பத்திரியில் தாதித் தொழில் பழகினார். ரயில்வே ஆபீஸில் கிராணியாகக் கணக்கெழுதிய இராமலிங்கத்துக்கு வாழ்க்கைப்பட்டு பிரிக்பீல்ட்ஸுக்கு வந்தபோது அவருக்கு டென்னிஸ் மட்டைக்கும் பூப்பந்து மட்டைக்கும் வித்தியாசம் தெரியாது. பிள்ளைகள் இல்லை. அதைப்பற்றி யாராவது இரக்கத்தோடு பேச ஆரம்பித்தால், இந்த மாதம் தன் கையில் பிறந்த குழந்தைகளின் பெயர்களைச் சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவார்.

அவரை ஆட்டக்காரி ஆக்கியது ரயில் நேரம் என்று சொல்லலாம். இராமலிங்கம் அந்தக் காலத்தில் சங்கத்தின் முதல்தர ஆட்டக்காரர். அவருடைய ஜோடி காதர், கிள்ளானில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர். கனத்த உடம்பு, கனிந்த பேச்சு. கடையை மூடிவிட்டு ரயிலேறி வர வாரக்கடைசியில்தான் முடியும். மற்ற நாட்களில் பந்து போட ஆள் இல்லாமல் தவித்த இராமலிங்கம், ஒரு சாயங்காலம் மனைவியின் கையில் பழைய மட்டை ஒன்றைக் கொடுத்து எதிர்ப்பக்கம் நிறுத்தினார். பந்து திரும்பி வந்தால் போதும் என்பதுதான் அவர் எண்ணம். சில மாதங்களில் அது திரும்பி வந்த வேகத்தைப் பார்த்து, எதிர்ப்பக்கம் நின்றவரைத் தன் பக்கம் கூட்டிக்கொண்டார்.

சங்கத்தில் அதுவரை பெண்கள் வருவது தேநீர் ஊற்றத்தான். செயலாளர் சபாபதி நல்ல மனிதர், ஆனால் பயந்தவர். வெள்ளைக்காரர் கிளப்பில் இருக்கிறதே என்று கலப்பு இரட்டையர் ஆட்டத்தைப் போட்டியில் சேர்த்துவிட்டாரே தவிர, ஆட நம் பெண்கள் வந்து நிற்பார்கள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. சீதாலெட்சுமியும், இரண்டு ஆசிரியைகளும், ஒரு டாக்டரின் மனைவியும் வந்து நின்றார்கள். ஊர் வாய் சும்மா இருக்குமா? "பொண்டாட்டிய ஆட விட்டு வேடிக்க பாக்குறாரு கிராணியார்" என்று சந்தையில் யாரோ சொன்னது இராமலிங்கத்தின் காதில் விழுந்தது. அவர் நின்று, "வேடிக்க பாக்கல. கூட ஆடுறேன்" என்று சொல்லிவிட்டுக் காய்கறி வாங்கிக்கொண்டு வந்தார்.

முதல் வருஷம் தோற்றார்கள். அடுத்த வருஷமும் அதற்கடுத்த வருஷமும் கோப்பை அவர்கள் வீட்டுக்கு வந்தது. சீதாலெட்சுமி வலையோரம், இராமலிங்கம் பின்னால். மனைவியின் தலைக்கு மேலே தூக்கி அடிக்கப்படும் பந்தெல்லாம் கணவருடையது. இவர் "உங்களுக்கு" என்று குனிந்தால் போதும், பின்னால் காலடிகள் ஓடிவரும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தைந்தில், அடைமழையில் சைக்கிளில் வீடு திரும்பிய இராமலிங்கம் தார்ச் சடக்கில் சறுக்கி விழுந்தார். பின்னால் வந்த மாட்டுவண்டியின் சக்கரம் இடது பாதத்தில் ஏறி இறங்கியது. காலை எடுக்காமல் காப்பாற்றிவிட்டார்கள். ஆனால் பாதம் பழைய பாதமாக இல்லை. தடி ஊன்றித்தான் நடை. மேசை வேலை என்பதால் உத்தியோகம் தப்பியது. ஆட்டம் போய்விட்டது.

சீதாலெட்சுமி இரண்டு மட்டைகளையும் உறையில் போட்டு அலமாரியின் மேல் வைத்தார். கணவர் அதைப் பார்த்தார். ஒரு வருஷத்துக்குமேல் அந்த வீட்டில் டென்னிஸ் என்ற பேச்சே எழவில்லை.

அதற்கடுத்த வருஷப் போட்டி நெருங்கியபோது காதர் கிள்ளானிலிருந்து பழக்கூடையோடு வந்தார். தமிழ் முஸ்லிம் வீடுகளின் வழக்கப்படி சீதாலெட்சுமி அவரை நானா என்றுதான் கூப்பிடுவார். அண்ணன் என்று அர்த்தம். தன் மூத்த மகளுக்குப் பிரசவம் பார்த்தவர் என்பதால் காதருக்கு இவரிடம் தனி மரியாதை. ஆனால் அன்று அவர் இவரைப் பார்த்துப் பேசவில்லை. நண்பரைப் பார்த்துத்தான் கேட்டார்: தங்கச்சியும் நானும் சேர்ந்து ஆடலாமா, உனக்குச் சம்மதமா என்று. இராமலிங்கம் கேள்வி முடியுமுன்பே சம்மதம் என்றார். சிரித்துக்கொண்டே சொன்னார். காதர் சந்தோஷமாக ரயிலேறினார்.

அதற்குப் பிறகு ஒரு வாரம் இராமலிங்கம் மனைவியிடம் வேண்டிய பேச்சுக்கு மேல் பேசவில்லை. பயிற்சி நடக்கும் மைதானத்தின் பக்கம் வரவும் இல்லை. சந்தையில் மறுபடி பேச்சு கிளம்பியிருந்தது. கிராணியார் மனைவி வேறொருவருடன் ஆடுகிறார், அதுவும் இன்னாருடன் என்று. முன்பு சொன்ன பதில் இப்போது செல்லாது. இப்போது அவர் நிஜமாகவே வேடிக்கை பார்க்கிறவர்தான்.

ஞாயிற்றுக்கிழமைக் காலை, காப்பியை முன்னால் வைத்துவிட்டு சீதாலெட்சுமி நேராகவே கேட்டார்.

"உங்களுக்கு மனசு இல்லன்னா சொல்லிடுங்க. நான் போகல."

இராமலிங்கம் காப்பியைக் குடித்து முடித்தார்.

"மனசு இல்லதான்" என்றார். "அது என் பாடு. அதுக்காக நீ ஏன் ஆடாம இருக்கணும்?"

இதைச் சீதாலெட்சுமிதான் என்னிடம் சொன்னார். சம்மதம் என்று கணவர் காதரிடம் சொன்னபோது வராத துணிச்சல், மனசு இல்லை என்று அவர் சொன்னபிறகுதான் தனக்கு வந்தது என்றார்.

அந்த வருஷத்து இறுதி ஆட்டத்துக்கு இராமலிங்கம் வந்தார். சபாபதி முன்வரிசையில் போட்ட நாற்காலியை மறுத்துவிட்டு, ஆசிரியைகளுக்குப் பின்னால் உட்கார்ந்தார். முதல் செட் படுதோல்வி. காரணம் எல்லாருக்கும் தெரிந்தது. தலைக்கு மேல் பந்து வந்தபோதெல்லாம் சீதாலெட்சுமி பழக்கத்தில் "உங்களுக்கு" என்று குனிந்தார். பின்னால் யாரும் ஓடிவரவில்லை. காதர் முன்னால் நின்று ஆடுகிறவர். அந்த உடம்பை வைத்துக்கொண்டு அவர் திரும்பிப் பார்ப்பதற்குள் பந்து இரண்டாம் முறை குதித்துவிடும். பக்கம் மாறும்போது காதர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்.

"தங்கச்சி, பின்னால ஆளு இல்ல. நான் ராமலிங்கம் இல்ல."

"தெரியும், நானா" என்றார் சீதாலெட்சுமி.

தண்ணீர் குடித்தார். கணவர் உட்கார்ந்திருந்த பக்கம் பார்க்கவில்லை. திரும்பப் போய் நின்றபோது வலையிலிருந்து ஒரு நல்ல அடி பின்தள்ளி நின்றார். அடுத்து உயரே வந்த பந்துக்கு "எனக்கு" என்றார். அண்ணாந்து பார்த்து, வெயிலில் கண் கூச, வாழ்க்கையில் முதல்முறையாகத் தலைக்கு மேலே மட்டையை வீசினார். பந்து வலையில் விழுந்தது. அடுத்ததும் வலைதான். அதற்கடுத்தது எதிர் மூலையில் போய் இறங்கியது. அன்று மாலை வெயில் சாய்வதற்குள் மீதி இரண்டு செட்டும் அவர்களுடையவை. பெண் பிள்ளை தலைக்கு மேல் அடிக்கமாட்டாள் என்று நம்பித் தூக்கித் தூக்கிப் போட்டவர்கள், கடைசியில் எங்கே போடுவது என்று தெரியாமல் நின்றார்கள்.

திரும்பும்போது ரிக்‌ஷாவில் இராமலிங்கம் தடியை மடியில் கிடத்திக்கொண்டார். பிறகு, "அத நீ முன்னயே அடிச்சிருக்கலாம். நான்தான் ஓடி ஓடி எடுத்துக்கிட்டேன்" என்றார்.

"நீங்க ஓடி வர்ற சத்தம் கேக்கும்" என்றாராம் மனைவி. "அதுக்காகத்தான் விட்டேன்."

அதற்கு அவர் என்ன சொன்னார் என்று கேட்டேன். "என்ன சொல்வாரு? சடக்கப் பாத்துக்கிட்டு வந்தாரு" என்று சீதாலெட்சுமி பேச்சை முடித்துவிட்டார்.

மறுவருஷம் இராமலிங்கம் சபாபதியிடம் போய் நடுவர் வேலை கேட்டார். மனைவி ஆடும் ஆட்டத்துக்குக் கணவன் எப்படி நடுவராக இருப்பது என்று சபாபதி கையைப் பிசைந்தார். மற்ற ஆட்டக்காரர்கள் சரி என்ற பிறகுதான் ஒப்புக்கொண்டார். அவர் பயந்ததற்கு நேர்மாறாக நடந்தது. சர்வ் போடும்போது சீதாலெட்சுமியின் கால் கோட்டைத் தொட்டால் தப்பு என்று முதலில் கத்துகிறவர் இராமலிங்கம்தான். சந்தேகமான பந்துகளும் பெரும்பாலும் எதிர்ப்பக்கத்துக்கே போகும். "வெளி நடுவர் வச்சிருந்தா இன்னும் ரெண்டு கோப்ப வாங்கியிருப்போம்" என்று காதர் வேடிக்கையாகச் சொல்வார். அது முழுக்க வேடிக்கை இல்லை.

நடுவரின் நாற்காலி உயரமானது, ஏணி வைத்தது. இராமலிங்கம் தடியைக் கீழே சாய்த்துவிட்டு, கைப்பலத்தில் ஒவ்வொரு படியாக ஏறுவார். யாராவது கை கொடுக்கப் போனால் பிடிக்காது. இறங்குவது ஏறுவதைவிடச் சிரமம். அதனால் கடைசி மனிதர் போகும்வரை மேலேயே உட்கார்ந்து ஏதாவது எழுதுவதுபோல் இருப்பார். அவர் ஏறி முடிக்கும்வரை சீதாலெட்சுமி மட்டையின் நரம்புகளை விரலால் நிமிண்டிக்கொண்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருப்பார்.

போன மாதம் நான் பார்த்த ஆட்டம் சிரம்பானிலிருந்து வந்த பழனியப்பன் தம்பதியுடன். கடைசி செட் சமநிலையில் நின்றது. பழனியப்பன் ஓங்கி அடித்த பந்து சீதாலெட்சுமியைத் தாண்டிப் போனது. "விடுங்க, நானா" என்று அவர் சொல்ல, காதரும் விட்டுவிட்டார். பந்து பின்கோட்டுக்கு வெளியே விழுந்ததை அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த நாங்கள் எல்லோரும் பார்த்தோம். மேலிருந்து இராமலிங்கம், "பந்து உள்ள" என்றார்.

கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. பழனியப்பனே தயங்கி நின்றார். காதர் பின்கோட்டருகே போய்க் குனிந்து பார்த்தார். செம்மண்ணில் பந்து பதிந்த தடம், கோட்டுக்கு நான்கு விரல் தள்ளி, கண்ணாடி போலத் தெளிவாக இருந்தது. அவர் நிமிர்ந்து, எல்லோருக்கும் கேட்கும்படி, "ராமலிங்கம், எறங்கி வந்து பாரு. தடம் இருக்கு" என்றார்.

இராமலிங்கம் நாற்காலியின் கைகளைப் பற்றிக்கொண்டு எழுந்தார். நல்ல காலை முதல் படியில் வைத்தார். மற்றக் கால் படியைத் தேடிக் காற்றில் துழாவியது. மைதானம் முழுவதும் அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தது.

சீதாலெட்சுமி பின்கோட்டுக்கு நடந்து வந்தார். காதரின் பக்கத்தில் நின்று தடத்தை ஒருமுறை குனிந்து பார்த்தார். பிறகு வெள்ளைச் சப்பாத்தின் நுனியால் அதை இடமும் வலமும் தேய்த்து மண்ணோடு மண்ணாக்கிவிட்டு, அடுத்த பந்தை வாங்கத் தன் இடத்தில் போய் முழங்காலை மடித்து நின்றார்.