வலையைக் கிழித்தவர்களுக்காகப் போன படகு

ஈர வலை நாற்றமும் டீசல் வாடையும் கலந்த ஒரு கொட்டகை. மூலையில் மேஜை மேல் ஒயர்லெஸ் செட். நாள் முழுக்க ‘ஸ்ஸ்ஸ்...’ என்று இரைந்துகொண்டே இருக்கும். அந்த இரைச்சல் சட்டென்று நின்றால்தான் பயம். யாரோ பேசப் போகிறார்கள் என்று அர்த்தம்.

அப்போது நான் திண்டிவனத்தில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கடையில் மெக்கானிக். சொந்த ஊர் முகையூர் பக்கம். மல்லாட்டை என்கிற நிலக்கடலை தெரியும், கரும்பு தெரியும்... கடல் தெரியாது. மரக்காணம் தாண்டி ஒரு குப்பத்தில் செட் ரிப்பேர் என்று கூப்பிட்டார்கள், போனேன். ரிப்பேர் முடிந்த பிறகும் ஞாயிற்றுக்கிழமைகளில் போய்க்கொண்டே இருந்தேன்.

காரணம், அங்கிருந்த மீட்புக் குழு. சம்பளம் கிடையாது, சர்க்கார் வைத்ததும் இல்லை. குப்பத்து ஆட்களே சேர்ந்து ஆரம்பித்தது. குளிக்க வந்து அலையில் மாட்டிய காலேஜ் பையன்கள், இன்ஜின் நின்றுபோன வெளியூர் மீனவர்கள்... யாரானாலும் போவார்கள். தலைவர் மணிமாறன் அண்ணன். அவர் மனைவி தேவகி அக்கா. தேவகி அக்காவின் தம்பி குமார், என் வயசுக்காரன். தண்ணீரில் அவனை மிஞ்ச அந்தக் குப்பத்தில் ஆளில்லை. கரையில் செட்டைக் கவனிக்க ஒருவர் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை என்றால் அது நான்.

அந்த ஞாயிறு காலையிலிருந்தே பேய்க்காற்று. யாரும் கடலுக்குப் போகவில்லை.

இரைச்சல் நின்றது.

“ஆராச்சும் கேக்கறீங்களா... போட்டுல தண்ணி ஏறுது... இன்ஜின் நின்னுப்போச்சி... நாலு பேரு இருக்கறோம்...”

இடத்தைச் சொன்னார்கள். படகின் பேரையும் சொன்னார்கள். முந்தின வாரம் குப்பத்து வலைகள் மேல் ஏறிப்போய் நாராகக் கிழித்த வெளியூர் விசைப்படகு அது. கேட்கப் போனவர்களை அசிங்கமாகத் திட்டிவிட்டுப் போயிருந்தார்கள். கிழிந்ததில் குமார் வலையும் ஒன்று.

“போவாத மாமா,” என்றார் தேவகி அக்கா. “வலைய கிழிச்சிட்டு சிரிச்சிக்கினு போனவனுங்க. காத்து எப்டி அடிக்குது பாத்தியா?”

மணிமாறன் அண்ணன் இன்ஜினுக்கு டீசல் ஊற்றிக்கொண்டே சொன்னார். “கரைக்கு இட்டாந்து கேக்கறேன் தேவகி. முழுகிப்போனவங்கிட்ட என்னத்த கேக்கறது?”

குமார் அதற்குள் நைந்துபோன பழைய லைஃப் ஜாக்கெட்டை மாட்டியிருந்தான். “செட்ட வுட்டு ஏந்திரிக்காத மச்சான்,” என்றான் என்னிடம். “பேசிக்கினே இரு. பயந்துட்டானுங்கன்னா கைய வுட்டுடுவானுங்க.”

படகு அலையில் ஏறி இறங்கி மறைந்தது.

நான் பேசினேன். நீச்சல் தெரியாத நான், நடுக்கடலில் மூழ்கிக்கொண்டிருக்கும் நாலு பேருக்குத் தைரியம் சொன்னேன். அந்தப் பக்கம் பேசியது படகு ஓட்டுகிற வயசானவர்.

“எந்த ஊரு போட்டு வருது தம்பி?”

குப்பத்தின் பேரைச் சொன்னேன்.

“...எங்களுக்கா வர்றாங்க?” என்றார். அழுதுவிட்டார்.

வெகுநேரம் கழித்து மணிமாறன் அண்ணன் குரல் கேட்டது. மூன்று பேரை ஏற்றியாயிற்று. நாலாவது ஆளை அலை தள்ளிக்கொண்டு போய்விட்டது. ஒரு டீசல் கேனைப் பிடித்துக்கொண்டு மிதக்கிறான். குமார் குதித்திருக்கிறான்.

மறுபடி குரல். “புடிச்சிட்டான்... ஏத்திட்டோம் தம்பி, நாலு பேரும் வந்துட்டாங்க.”

கொட்டகையில் எல்லோரும் கத்தினோம். அந்தக் கத்தல் அடங்குவதற்குள்...

“குமார காணோம்.”

கடைசி ஆளைத் தூக்கிவிட்டதும், பாதி மூழ்கி அந்தப் பக்கமே அடித்து வந்த விசைப்படகை ஒரு அலை தூக்கிக் குமார் மேல் போட்டுவிட்டது.

“குமார காணோம் தம்பி... குமார காணோம்...”

தேவகி அக்கா என் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். என் கையிலிருந்து மைக்கை வாங்கினார். “தேடு மாமா. நல்லா தேடு.” அவ்வளவுதான் சொன்னார்.

இருந்த படகெல்லாம் போயின. இருட்டும் வரை தேடினார்கள்.

காப்பாற்றப்பட்ட நாலு பேரும் மணலில் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். யாரும் பக்கத்தில் போகவில்லை. தேவகி அக்கா வீட்டுக்குப் போய்க் கையில் துணியோடு வந்தார். குமாரின் லுங்கி, குமாரின் சட்டைகள். அந்த வயசானவர், அக்கா காலில் விழப் போனார்.

“ஏந்திரி. ஈரத்த மாத்து மொதல்ல,” என்றார் அக்கா. பிறகு கடலைப் பார்த்து உட்கார்ந்தவர்தான்.

மறுநாள் வேறொரு ஊர்க் கரையில் குமார் ஒதுங்கினான். அந்த நாலு பேரும் ஊருக்குப் போகாமல் இருந்தார்கள். அவர்களும் பாடையைத் தூக்க வந்தபோது குப்பத்து ஆட்கள் இரண்டு பேர் சண்டைக்குப் போனார்கள். மணிமாறன் அண்ணன், தான் தூக்கியிருந்த இடத்திலிருந்து விலகி, அந்த வயசானவருக்குத் தோள் கொடுக்க இடம் விட்டார்.

வருஷங்கள் ஓடிவிட்டன. இப்போது திண்டிவனத்தில் எனக்குச் சொந்தமாகக் கடை, கேமரா மாட்டுகிற வேலை. குப்பத்தில் கொட்டகை போய் கான்கிரீட் கட்டடம் வந்துவிட்டது. புது செட், எல்லோருக்கும் நல்ல ஜாக்கெட், கயிறு, டார்ச். திண்டிவனம், விழுப்புரம் நண்பர்கள் சிலர் டீசலுக்கு உதவுகிறார்கள். அன்றைக்கு இதில் பாதியாவது இருந்திருந்தால்... என்று நினைக்காமல் அந்த ரூமுக்குள் என்னால் நுழைய முடிந்ததில்லை.

எனக்குத் தலை நரைத்துவிட்டது. குமார் மட்டும் அப்படியே இருக்கிறான்.

செட்டில் இப்போது உட்காருவது தேவகி அக்கா. போன மாதம் பேட்டரி மாற்றப் போயிருந்தேன். அப்போது ஓர் அழைப்பு வந்தது. “சொல்லு கண்ணு, எங்க இருக்கீங்க? எத்தினி பேரு?” என்று கேட்டுக்கொண்டார். பையன்கள் படகைத் தள்ளினார்கள்.

அக்கா வாசல் வரை போனார். படகில் ஏறியவர்களை ஒவ்வொருவராகப் பேர் சொல்லிப் பார்த்தார். படகு அலையைத் தாண்டியதும் திரும்பி வந்து மைக்கை எடுத்தார்.

“வந்துக்கினே இருக்காங்க கண்ணு.”