‘அழி’ என்பதற்கு முன் ‘காட்டு’

காவிரிப் பாலத்து நெரிசலில் பஸ் நின்றிருந்தபோது மேலாளர் அழைத்தார். “ஸ்டெல்லா மேடம் போயிட்டாங்கம்மா. நெஞ்சுவலியாம்.” பாலக்கரையில் ஏறுவாரே என்று பக்கத்து இருக்கையில் பையை வைத்து இடம் பிடித்திருந்தேன். துவாக்குடி வரை அந்தப் பையை எடுக்கவே இல்லை.

அவரோடு வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும், ஆபீஸில் அவருக்குப் பெயர் ‘பயந்தாங்கொள்ளி மேடம்’. எதை அழிப்பதற்கு முன்பும் சிலுவை போட்டுக்கொள்வார். நாங்கள் சிரிப்போம். “பயம் இல்லாத ஆள்கிட்ட கீபோர்டைக் குடுக்காதீங்க” என்பார், சிரிக்காமலே.

ஒருமுறை, எங்கள் மென்பொருளைப் பயன்படுத்தும் ரத்தப் பரிசோதனை நிலையம் ஒன்று உறையூர்க் கிளையை மூடியது. அந்தக் கிளையின் கீழ் இருந்த பழைய முன்பதிவுகளை நீக்க வேண்டும். கிளை தாய்ப் பதிவு, முன்பதிவுகள் பிள்ளைப் பதிவுகள். எங்கள் நிரல் பிள்ளைகளை ஒவ்வொன்றாக எடுத்து வந்து அழித்ததில் கவுன்ட்டர்களில் திரை உறைந்துபோனது. ஆகவே, இந்தக் கிளையின் பிள்ளைகளையெல்லாம் தரவுத்தளமே மொத்தமாக நீக்கும்படி ஒற்றைக் கட்டளை எழுதினோம்.

“இருங்க. ‘அழி’ன்னு இருக்கற இடத்துல ‘காட்டு’ன்னு போடுங்க” என்றார் மேடம்.

போட்டேன். எல்லாக் கிளைகளின் நோயாளிகளும் திரையில் கொட்டினார்கள். கிளை எண் காலியாகப் போயிருந்தது. எண் இல்லையென்றால் எங்கள் கருவி ‘இந்தக் கிளை மட்டும்’ என்ற நிபந்தனையையே விட்டுவிடும். அவர் துப்பட்டா நுனியைக் கசக்கியபடி, “அத்தனை பேரும் போயிருப்பாங்கங்க” என்றார். எண்ணைச் சேர்த்ததும் உறையூர் மட்டும் வந்தது. பிறகு அழித்தோம். ஒரு வாய் டீ குடிப்பதற்குள் முடிந்துவிட்டது.

நேற்று மேலாளர், “மேடத்தோட அக்கவுண்டை எடுத்துடுங்க” என்றார். அந்த நிலையத்துக்காக அவர் சரிபார்த்து ஏற்றிய பரிசோதனை முடிவுகள் எல்லாம் அவர் பெயருக்குக் கீழேதான் இருக்கின்றன. தாய் போனால் பிள்ளைகளும் போகும்படி அமைத்த அட்டவணை அது. ‘காட்டு’ என்று போட்டேன். யார் யாருடைய சர்க்கரையோ, யார் யாருடைய கர்ப்பமோ, முடிவே இல்லாமல் வந்துகொண்டிருந்தது.

“பிள்ளைங்க நிறைய இருக்கு சார். லாகினை மட்டும் பூட்டிடறேன்” என்றேன்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தப் பயம்தான். அது என்னை விட்டுப் போகவே கூடாது. பூட்டுவதற்கு முன், ஸ்ரீரங்கத்துக்காரியான நான் சிலுவை போட்டுக்கொண்டேன். யாரும் சிரிக்கவில்லை.