ஊதாப் பொட்டு

எண்பத்தெட்டாக இருக்கலாம், எண்பத்தொன்பதாகவும் இருக்கலாம். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டிருந்த நாட்கள். அம்பத்தூரில் ஒரு சின்ன நர்ஸிங் ஹோமில் அப்போது நான் வார்டையும் ஆபரேஷன் தியேட்டரையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரருக்கு ஆவடியில் பாதுகாப்புத் துறை தொழிற்சாலையில் வேலை, குவார்ட்டர்ஸில் குடித்தனம். நர்ஸ் வேலைக்கு வந்து எனக்குப் பதினாறு வருஷம் ஆகியிருந்தது. ஆபரேஷனுக்கு முன்னால் நோயாளியின் வயிற்றை மழித்துச் சுத்தம் செய்வதில் என்னை அடித்துக்கொள்ள ஆள் இல்லை என்று எனக்கு ஒரு நினைப்பு. மற்றவர்களும் அதையே சொல்வார்கள், அதனால் நினைப்பு இன்னும் கூடியிருந்தது.

செவ்வாயும் வெள்ளியும் ஒரு சர்ஜன் வருவார், பெரிய ஆபரேஷன் இருந்தால் மற்ற நாளும் வருவார். பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் இருந்தவர், நாற்பத்தைந்து வயது இருக்கும். குடல், மலக்குடல், ஆசனவாய் ஆபரேஷன் மட்டும்தான் செய்வார். எங்கள் பக்கத்தில் அப்போது அப்படி ஒரு டாக்டர் கிடைப்பது அபூர்வம். மூலம் என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களை வாய்ப்பேச்சை மட்டும் கேட்டு அனுப்ப மாட்டார். கையுறை மாட்டி, விரலால் சோதித்த பிறகுதான் மருந்துச் சீட்டையே கையில் எடுப்பார். யாராவது கூச்சப்பட்டால், "பல்வலின்னா வாயைத் திறக்க மாட்டீங்களா?" என்று கேட்டுவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார், அவர்கள் தயாராகும் வரை.

மலக்குடலின் அடியில் புற்றுநோய் வந்தால் அந்தப் பகுதியையே எடுத்துவிட வேண்டியிருக்கும். மலம் போவதற்கு வயிற்றில் ஒரு வழி வைத்து, அதன் மேல் பை மாட்டுவார்கள். ஆயுசுக்கும் அதுதான். அந்த வழியை எங்கே வைப்பது என்று முடிவு செய்ய இந்த டாக்டர் செய்கிற வேலைதான் எங்களுக்கெல்லாம் வேடிக்கை. வேலைக்குப் போட்டுக்கொண்டு போகிற துணியை வீட்டிலிருந்து கொண்டுவரச் சொல்வார். அதை உடுத்திக்கொண்டு நிற்க வேண்டும், உட்கார வேண்டும், குனிய வேண்டும், சாப்பிடுகிற மாதிரி தரையில் சம்மணம் போட வேண்டும். எங்கே மடிப்பு விழுகிறது, எங்கே பெல்ட் அழுத்துகிறது என்று பார்த்து, அதெல்லாம் படாத ஓர் இடத்தில், வாய்ப்புண்ணுக்குப் போடுகிற ஊதா மருந்தைத் தொட்டு ஒரு பொட்டு வைப்பார். முதுகுக்குப் பின்னால் நாங்கள் வைத்த பெயர் 'டெய்லர் டாக்டர்'.

ஒருநாள் டீ குடிக்கும்போது அது அவர் காதில் விழுந்துவிட்டது. சிரித்தார். அப்புறம் சொன்னார். தொழிலுக்கு வந்த புதிதில், ஒரு பெண்ணுக்குப் புடவைக் கொசுவம் செருகுகிற இடத்திலேயே வழியை வைத்துவிட்டாராம். ஆபரேஷன் நன்றாக முடிந்தது. மறு பரிசோதனைக்கு அந்தம்மா வரவில்லை. வீடு தேடிப் போனால், புடவையே கட்ட முடியாமல் நைட்டியோடு எட்டு மாசமாக வாசற்படி தாண்டாமல் இருந்திருக்கிறார். "உயிரை மட்டும் காப்பாத்தினேன் சிஸ்டர்" என்று சொல்லிவிட்டு டாக்டர் டம்ளரைக் கழுவப் போனார். இது தெரிந்த பிறகுதான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன். அதனால்தான் இதை முதலில் சொல்கிறேன்.

அந்த ஐப்பசியில் வந்தவர் கள்ளிக்குப்பத்துக்காரர். நாற்பது தாண்டியிருந்தது. அப்பா காலத்தில் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை, இவர் காலத்தில் அம்பத்தூர் தொழிற்பேட்டைக் கம்பெனி ஒன்றில் தகடு வெட்டுகிற பவர் பிரெஸ் வேலை. இரண்டு வருஷமாக ரத்தம் போயிருக்கிறது. 'ஆபரேஷன் இல்லாமல் மூலம் குணமாகும்' என்று போர்டு போட்டிருந்த ஓர் இடத்தில் களிம்பு வாங்கிப் போட்டே அந்த இரண்டு வருஷத்தையும் தொலைத்திருந்தார். விஷயத்தை டாக்டர் மறைக்காமல் சொன்னபோது அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"பிரெஸ்ல குந்திகினு வேல செய்ய முடியுமா சார்? அத்த மட்டும் சொல்லுங்க."

முடியும் என்றார் டாக்டர். காக்கி பேண்ட், பெல்ட்டோடு வரவழைத்து, ஆபீஸிலிருந்து ஸ்டூலைக் கொண்டுவரச் சொல்லி, பிரெஸ்ஸில் தகடு தள்ளுகிற மாதிரி குனியச் சொன்னார். நாலு தடவை பொட்டு வைத்து நாலு தடவை துடைத்தார். கடைசியில் தொப்புளுக்கு ஒரு விரல் மேலே, இடது பக்கம் ஒரு பொட்டு. வழக்கத்தைவிட உயரம். பெல்ட் கீழே போகும், பை மேலே நிற்கும், வேலைக்குத் தாராளமாகப் போகலாம் என்றார். கேஸ் ஷீட்டிலும் படம் போட்டு அளவு எழுதிக்கொண்டார்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு அவரைத் தயார் செய்தேன். பயத்தில் அவர் பேசிக்கொண்டே இருந்தார். மகள் எட்டாவதில் முதல் ரேங்க் எடுத்தது, கூரை ஒழுகுவது எல்லாம். அவர் பயத்தை மறக்கட்டும் என்று நானும் பேச்சுக் கொடுத்துக்கொண்டே சவ்லானால் தேய்த்தேன், ஸ்பிரிட்டால் துடைத்தேன். பஞ்சைக் கீழே போடும்போது அது ஊதாவாக இருந்தது. வயிற்றைப் பார்த்தேன். பொட்டு இல்லை. என் கைசுத்தம் அதையும் சேர்த்துச் சுத்தம் செய்திருந்தது.

கேஸ் ஷீட் தியேட்டருக்குள் போயாகிவிட்டது. போய்க் கேட்டால், 'உங்க கையாலயா அழிஞ்சுது?' என்று ஒரு வார்த்தை வரும். அந்த ஒரு வார்த்தைக்குப் பயந்தேன், வேறெதற்கும் இல்லை. ஊதா மருந்து அலமாரியில்தான் இருந்தது. குச்சியில் தொட்டு, மற்ற நோயாளிகளுக்குப் பெரும்பாலும் இருக்கிற இடத்தில், தொப்புளுக்கு இரண்டு விரல் கீழே, இடது பக்கம் ஒரு பொட்டு வைத்தேன். இவருக்குக் கொஞ்சம் மேலே அல்லவா என்று ஒரு நெருடல் இருந்தது. படுத்திருக்கிற வயிற்றில் எல்லா இடமும் ஒரே மாதிரிதான் தெரிந்தது. எவ்வளவு மேலே என்று நினைவில்லை, அதனால் நெருடலை விட்டுவிட்டேன்.

தியேட்டரில் அவர் மயங்கிய பிறகு டாக்டர் ஒரு நொடி நின்றார். "இது நான் வெச்சதுதானே சிஸ்டர்?" என்றார். "ஆமா சார்" என்றேன்.

எட்டாம் நாள் அவரைக் கட்டிலில் உட்கார வைத்தோம். உட்கார்ந்ததும் வயிறு மடிந்தது. அந்த மடிப்புக்குள்ளேயே வழி போய்விட்டது, பையின் ஓரம் எழும்பி நின்றது. டாக்டர் வெகுநேரம் அதையே பார்த்தார். பிறகு என்னை டிரெஸ்ஸிங் டிரே எடுத்துவரச் சொன்னார். நான் திரும்பி வந்தபோது அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். "இடம் தப்பாயிடுச்சுங்க. கத்தி என் கையில இருந்தது, தப்பு என்னோடது. உடம்பு தேறினதும் மாத்தி வெச்சுடறேன்" என்று அந்த மனிதரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு டாக்டர் நோயாளியிடம் இப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை. அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். டிரேயை வைத்துவிட்டு நின்றேன்.

இன்னொரு தடவை கத்தி வேண்டாம் என்று அந்த மனிதர் ஒரேயடியாக மறுத்துவிட்டார்.

அடுத்த வாரம் வேறொரு நோயாளிக்குப் பொட்டு வைத்த டாக்டர், வழக்கமில்லாத வழக்கமாக ஓர் ஊசியை எடுத்தார். பொட்டின் மேலேயே குறுக்கும் நெடுக்குமாக ஒரு கீறல் போட்டார். நோயாளி 'ஸ்' என்று பல்லைக் கடித்தார். ஏன் சார் என்று நான் கேட்கவில்லை. அவர் முகத்தை நிமிர்ந்து பார்க்கவும் இல்லை.

கள்ளிக்குப்பத்துக்காரர் மூன்று மாசம் கழித்து வேலைக்குப் போனார். ஸ்டூலில் குனியும்போதெல்லாம் பெல்ட் பையை அழுத்தியது. மூன்றாவது வாரம் கேன்டீனில் பை கசிந்துவிட்டது. பெஞ்சில் பக்கத்தில் இருந்த இரண்டு பேர் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனார்கள். மறுநாளிலிருந்து அவர் போகவில்லை.

வாரம் ஒரு தடவை வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வரச் சொல்லி டாக்டர் என்னைத்தான் அனுப்பினார். வியாழக்கிழமை மதியம் போவேன். வழியைச் சுற்றிப் புண்ணாகியிருக்கும். கழுவி, மருந்து போட்டு, பை மாட்டிவிட்டு வருவேன். அந்தப் பையில் ஒருநாளும் எனக்கு நாற்றம் தெரிந்ததில்லை, என் நெஞ்சுதான் நாறிக்கொண்டிருந்தது. லுங்கியை இடுப்பில் கட்ட முடியாமல் மார்பு வரை ஏற்றிக் கயிறு போட்டிருப்பார். "பொம்பள குளிக்கிற மாதிரி கட்டிகினு கீறேன் பாருங்க" என்று அவரே சிரிப்பார். தனியாகத்தான் சாப்பிடுவார். மகள் பள்ளிக்கூடத்திலிருந்து வருகிற நேரம் பார்த்துத் தடுப்புக்குப் பின்னால் போய்விடுவார். அவர் சம்சாரம் முருங்கைக்காய் கட்டி என் பையில் திணித்துவிட்டு, "எங்க ஊட்டுக்கு வந்த சாமிமா நீ" என்பார். அந்தக் காய்களை நான் ஒருநாளும் வீட்டுக்குக் கொண்டுபோனதில்லை. பஸ் ஸ்டாப் பக்கத்தில் பூ விற்கிறவரிடம் கொடுத்துவிடுவேன்.

ஒன்றரை வருஷம் இப்படிப் போயிற்று. பிறகு கண் மஞ்சளாயிற்று. நோய் கல்லீரலுக்குப் போய்விட்டது, இனி செய்ய ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்த வாரம் போனபோது சம்சாரம் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தார். கட்டை அவிழ்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். பஞ்சு, பொட்டு, ஆமா சார், எல்லாம்.

அவர் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்.

"தெரியும் சிஸ்டர். முழிச்சிகினுதானே இருந்தேன். நீங்க அழிச்சத, திரும்பி வெச்சத எல்லாம் பாத்துகினுதான் இருந்தேன். இன்னாடா எறக்கி வெக்கிறாங்களேன்னு தோணிச்சு. உங்களுக்குத் தெரியாததான்னு உட்டுட்டேன்."

டாக்டரிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"உங்கள டிரே எடுக்க அனுப்பிச்சிட்டு அன்னிக்கே கேட்டாரு. சொன்னேன். அந்தம்மாவ வேலய உட்டுத் தூக்கிடாத சார், அப்பறம் இத்த யாரு வந்து தொடுவாங்கன்னு கேட்டுகினேன்."

மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. பை மாட்டி முடித்து எழுந்தபோது அவர் கேட்டது வேறு.

"அடுத்த வியாயக்கெழமை வருவீங்க இல்ல?"

வந்தேன். அதற்கடுத்ததும் வந்தேன். அதற்கும் அடுத்த வியாழன் போனபோது வாசலில் பந்தல் போட்டிருந்தது. உள்ளே போய்க் கடைசியாக ஒரு தடவை நானே கழுவித் துடைத்து, பையை எடுத்தேன். பல நாளைக்குப் பிறகு லுங்கியை இடுப்பில் கட்டினோம்.

மறுநாள் வெள்ளிக்கிழமை டாக்டரிடம் போய், உண்மையைச் சொல்ல வந்திருக்கிறேன் என்றேன். முழுக்கக் கேட்டார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "கேஸ் ஷீட் என் கைக்கெட்டற தூரத்துலதான் இருந்தது. நானும் திறந்து பாக்கலையே" என்றார். பிறகு, "ஊசி எதுக்குன்னு நீங்க கேப்பீங்கன்னு இவ்வளவு நாளா இருந்தேன் சிஸ்டர்" என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவர் எடுத்ததே இல்லை.

தொண்ணூறுகளின் நடுவில் நான் வேலையை விடும்வரை அவர் பக்கத்தில்தான் நின்றேன். எத்தனை பேருக்குப் பொட்டு வைத்தாரோ, அத்தனை பேருக்கும் ஊசிக் கீறல் உண்டு. எதுக்கு சார் இது என்று சிலர் கேட்பார்கள். "அழியாம இருக்க" என்பார். ஏற்கனவே நோயில் நொந்து வந்தவர்கள், அந்தச் சின்ன வலிக்கும் 'ஸ்' என்று பல்லைக் கடிப்பார்கள். அது என் 'ஆமா சார்' கொடுத்த வலி என்று அவர்களில் யாருக்கும் தெரியாது. டிரேயைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்ற எனக்குத் தெரியும். இப்போதும் அடுப்படியில் கை சுட்டு யாராவது 'ஸ்' என்றால் என் கை தானாக இடது பக்கம் வயிற்றுக்குப் போகிறது, தொப்புளுக்கு ஒரு விரல் மேலே.