மயில் கழுத்து நிறப் புகை

பழைய கார் வாங்குகிறவர்கள் அதை ஓட்டிப் பார்க்காமல் வாங்குவதில்லை. என் தகப்பனார் வாங்கினார். அவர் திருத்தணி மலைக்கோயிலின் மடைப்பள்ளியில் சமையல் செய்தவர் என்பதே அதற்குக் காரணம்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் நடுப்பகுதி. எனக்கு ஏழு வயது இருக்கலாம். அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவேன். விறகுப் புகையில் நைனாவின் கண்கள் எப்போதும் சிவந்திருக்கும். இருமல் வந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அடுப்பை விட்டு விலகினால்தான் மார்பு தேறும் என்று அரக்கோணத்து டாக்டர் சொல்லிவிட்டார். விலகி என்ன செய்வது? ரயிலில் வந்து இறங்கும் யாத்ரீகர்களைத் திருப்பதிவரை கொண்டுபோய்விட ஒரு வாடகைக் கார் இருந்தால் போதும் என்று நைனா கணக்குப் போட்டார். அம்மாவின் பங்காக வந்த நிலத்தை விற்றுத்தான் அதை வாங்க வேண்டும். இரண்டாவது முறை விற்க எங்களிடம் நிலம் இல்லை.

மாமா, அம்மாவின் தம்பி, அரக்கோணத்தில் மோட்டார் பட்டறையில் வேலை செய்தார். தரகர் காரை ஓட்டிக்கொண்டு வந்த அன்று அவரும் வந்திருந்தார். கறுப்பு நிறம். முன்விளக்குகள் பளபளத்தன. மாமா அவற்றைப் பார்க்கவில்லை. நேராகப் போய் எஞ்சின் மூடியின் மேல் உள்ளங்கையை வைத்தார்.

"சூடா கீதே?"

"அரக்கோணத்துலருந்து ஓடி வந்த வண்டி ஜில்லுனா இருக்கும்? இன்னாப்பா நீ!" என்றார் தரகர்.

சூடான எஞ்சின் யாருக்கும் இணங்கிப் புறப்பட்டுவிடும், ஆறிய பிறகுதான் அதன் குணம் தெரியும் என்று மாமா சொல்லிவிட்டார். தரகர் சாயங்காலம்வரை எங்கள் வீட்டு வேப்பமரத்தடியில் உட்கார்ந்து வெற்றிலை போட வேண்டியதாயிற்று. அதற்குள் மாமா நைனாவின் பழைய வேட்டி ஒன்றைக் காருக்கு அடியில் விரித்தார். எண்ணெய் எங்கே சொட்டுகிறது என்பதை அது காட்டுமாம். டயர்களைத் தடவி, ஒரு பக்கமாகத் தேய்ந்திருக்கிறதா என்று பார்த்தார். ஸ்டியரிங்கை அசைத்தார். சக்கரம் திரும்புவதற்கு முன்னால் அது எவ்வளவு தூரம் வெறுமனே ஆடுகிறது என்பது முக்கியம். மைல் மீட்டர் காட்டியது கொஞ்சம்தான். ஆனால் பிரேக் மிதிக்கட்டையின் ரப்பர், பழைய அம்மிபோல வழவழவென்று தேய்ந்து கிடந்தது. "இது ஊரையே சுத்தின காலு" என்றார் மாமா. மீட்டர் ஒரு சுற்று முடித்துவிட்டு மறுபடி ஆரம்பத்திலிருந்து எண்ணுகிறது என்பதைத் தரகரும் அப்புறம் ஒப்புக்கொண்டார்.

வேட்டியில் ஒரே ஒரு கறுப்புப் பொட்டு விழுந்திருந்தது. ஆறிய எஞ்சின் மூன்றாவது முயற்சியில் புறப்பட்டது. மோசமில்லை. இனி பாரம் ஏற்றி ஒரு மேட்டில் ஏறி இறங்கிப் பார்க்க வேண்டும்.

"ஏறுங்க பாவா" என்றார் மாமா. அக்கா புருஷனை அவர் அப்படித்தான் அழைப்பார்.

"சாமிக்குக் காட்டாம நான் ஏற மாட்டேன்."

மடைப்பள்ளியில் நைவேத்தியம் ஆகும்வரை எதையும் ருசி பார்க்கக் கூடாது, முகர்ந்தும் பார்க்கக் கூடாது. நைனா அப்படியே வளர்ந்தவர். வாங்கி, பூஜை போட்ட பிறகே ஏறுவார். பூஜையோ சொந்தக்காரர் பெயரில்தான் நடக்கும். எனவே ஏறிப் பார்க்க முதலில் வாங்க வேண்டும்.

"பாவா, இது இன்னா புளியோதரையா? உப்பு இல்லன்னா அப்புறமா போட்டுக்கலாம்னு வுட!"

நைனா அசையவில்லை. கதவோரம் நின்ற அம்மாதான் வழி சொன்னார். "கொழந்தய ஏத்தி அனுப்புங்க. கொழந்த வாய் வெச்சா எச்சில் கெடையாது."

இப்படியாக, இரண்டு அரிசி மூட்டைகளுடன் நான் பின்னிருக்கையில் ஏற்றப்பட்டேன். தரகர் ஓட்டினார். ஊருக்கு வெளியே மேட்டில் ஏறி, மறுபுறம் இறங்கும்போது, மாமா அவரை ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுக்கச் சொன்னார். பிறகு திடீரென்று அழுத்தி மிதிக்கச் சொன்னார். என்னிடம், "பின்னாடி பாரு. பொகை இன்னா கலருன்னு சொல்லு" என்றார். நான் மூட்டைமேல் மண்டியிட்டுக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அழகாக இருந்தது. நிறத்தைச் சொன்னேன். மாமா உடனே வண்டியை வீட்டுக்குத் திருப்பச் சொன்னார்.

"வேணாம் பாவா" என்றார் வீட்டுக்கு வந்ததும். "எஞ்சினு ஆயில குடிக்குது. வருஷம் தாங்காது."

நைனா என்னை அருகில் அழைத்தார். "நீ இன்னா பாத்த?"

"நீலமா பொகை வந்துச்சு நைனா. மயில் கழுத்து மாதிரி."

அவர் மலையை நோக்கிக் கைகூப்பினார். முருகனின் வாகனமே வந்து உத்தரவு கொடுத்துவிட்டதாக அம்மாவிடம் சொன்னார்.

"அய்யோ பாவா, அது ஆயிலு எரியற பொகை!"

"பொகையப் பத்தி நீ எனக்குச் சொல்றியா?" என்றார் நைனா. அடுப்பிலிருந்து எழும் புகையைத் தூரத்திலிருந்து பார்த்தே, விறகு ஈரமா, அடியில் பிடிக்கிறதா என்று சொல்லிவிடக்கூடியவர் அவர்.

கார் வாங்கப்பட்டது. அந்த வருஷ ஆடிக் கிருத்திகைக் கூட்டத்தில், திருத்தணிக்கு வரும் வழியில் கனகம்மாசத்திரத்துக்கு அருகே, காவடிகளோடும் யாத்ரீகர்களோடும் அது நின்றது. பிறகு ஓடவில்லை. இரும்பு விலைக்குப் போயிற்று. அடுத்த வாரமே நைனா மடைப்பள்ளிக்குத் திரும்பினார்.

பூஜை போட்ட அன்று நடந்ததையும் எழுதிவிடுகிறேன். மலையடிவாரத்தில் சந்தனம் பூசி, சக்கரங்களில் எலுமிச்சம்பழம் நசுங்கக் கார் நகர்ந்தது. மாமா முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு ஓட்டினார். நைனா முதல் முறையாக முன்னிருக்கையில் உட்கார்ந்திருந்தார். புகை இல்லாத காற்று அவர் முகத்தில் அடித்தது. சிறிது தூரம் போனதும் உடலைத் திருப்பி, என் தலைக்கு மேலாகப் பின்கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். மயிலைத் தேடுகிறார் என்று நினைத்து நான் விலகி வழிவிட்டேன்.

"பாத்தியா? பொகை பின்னாடி போவுது" என்று சிரித்தார்.

ஓடுகிற காரின் புகை பின்னால்தானே போகும், இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது.